தீவுக் கிணறும் வளர்ப்பு மீனும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்த ஒரு காலைப்பொழுதில், என் அருகே சீமெந்துக் கட்டில் வந்தமர்ந்த வயோதிப மாது ஒருவர், பனையோலைப் பெட்டிக்குள் பழைய சேலைத் துண்டொன்றை மெத்தைபோல மடித்து வைத்து, அதன்மேல் காற்றடைத்த பொலித்தீன் பையொன்றைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தியிருந்தார். பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீர். அதற்குள் இருபது முப்பது சிறு மீன்கள். பெண்மீன்கள் சாம்பல் நிறமாய் வயிறு பருத்திருந்தன. அவற்றிற் பாதி அளவேயுள்ள ஆண்மீன்களோ, வெயில் படும்போதெல்லாம் செம்மஞ்சளும் நீலமுமாக வாலை விரித்துக் காட்டின.

“ஆச்சி, உதென்ன பைக்குள்ளை?” என்று கேட்டார் படகில் வேலை செய்யும் இளைஞர்.

“கப்பி மீன், தம்பி. கிணத்துக்குள்ளை விட. போன மாரியிலை பேத்திக்கு டெங்கு வந்து நாங்கள் பட்ட பாடு போதும்.”

“பையின்ரை வாயைக் கொஞ்சம் நெகிழ்த்தி விடுங்கோவன் ஆச்சி. காத்தில்லாமல் செத்துப் போகும்.”

ஆச்சியின் விரல் இறப்பர் வளையத்துக்குப் போயிற்று. “வேண்டாம் ஆச்சி, வீட்டை போய்ச் சேருமட்டும் அவிழ்க்காதேங்கோ” என்று நான் இடைமறித்தேன். அப்படிச் சொல்வதற்கு எனக்குக் காரணம் இருந்தது. பத்து வயதில், யாழ்ப்பாணம் நகரத்துக் கடையொன்றில் வாங்கிய ஆறு தங்கமீன்களை மடியில் வைத்துக்கொண்டு, பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் வாணர் தாம்போதியையும் கடந்து புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள இந்தக் குறிகட்டுவானுக்குப் பேருந்தில் வந்தபோது, இரக்கம் மிகுந்து மூன்று முறை பையின் வாயைத் திறந்து “காற்று” கொடுத்தேன். சின்னம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது நான்கு மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன.

என்ன நடந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது. கடைக்காரர் அந்தப் பையில் அடைத்துக் கொடுத்தது வெறுங் காற்றன்று, பிராணவாயு; வாயைத் திறந்த மாத்திரத்தில் அது போய்விட்டது. அதனினும் பெரிய கேடு மற்றொன்று. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை இடைவிடாது வெளியேற்றுகிறது. அதே செவுள் வழியாகக் கரியமிலவாயுவும் வெளியேறுகிறது. மூடிய பையில் தேங்கும் கரியமிலவாயு தண்ணீரைச் சற்றே அமிலமாக்கி, அந்த அமில நிலை அமோனியாவை அதிகம் தீங்கு செய்யாத வடிவிற் கட்டி வைத்திருக்கிறது. பையைத் திறந்ததும் கரியமிலவாயு பறக்க, தண்ணீர் மீண்டும் காரமாகி, கட்டுண்டு கிடந்த அமோனியா நஞ்சாகிச் செவுளைத் தாக்குகிறது. இரக்கத்தினால் நான் அவிழ்த்த முடிச்சே அந்த நான்கு உயிர்களுக்கும் யமனாயிற்று.

வீட்டில் மீன் வளர்க்க விரும்பும் எவரும் முதலிற் பயில வேண்டியது தண்ணீரின் சுபாவத்தையே என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதைக் கற்பதற்கு நமது தீவுகளைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர், எந்த மாதத்தில் நல்லதும் சவராகும் என்று இங்கே சிறுபிள்ளையும் அறியும். சுண்ணக்கல் மேட்டின்மீது மாரிமழை பெய்து ஊறிய நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். அந்த நீரும் சுண்ணாம்பு கரைந்த கடின நீர். சோறு காய்ச்சும் பானையின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவதை எந்தக் குசினியிலும் காணலாம்.

ஆச்சி கொண்டுபோன கப்பிக்கு அந்தக் கடினமும் உவர்ப்பும் ஒரு பொருட்டல்ல. தென்னமெரிக்காவின் வடகரையும் டிரினிடாட் தீவும் அதன் தாயகம். டிரினிடாட்டில் வாழ்ந்த லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைக் கண்டு, லண்டன் அருங்காட்சியக விஞ்ஞானி குந்தர் 1866இல் அவர் பெயரையே அவற்றுக்கு இட்டார். ஆனால் பீற்றர்ஸ் என்ற ஜெர்மானியர் அதே இனத்துக்கு 1859இலேயே வேறு பெயரிட்டு விட்டமையால், விஞ்ஞான நூல்களில் அந்த முதற்பெயர் நிலைபெற, மக்கள் வாயிற் கப்பி நின்றுவிட்டது. இது முட்டையிடுவதில்லை, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சுகளாகவே ஈனும். ஒருமுறை ஆணுடன் கூடிய பெண்மீன் பல மாதங்களுக்கு வித்தைத் தன்னுள்ளே சேமித்து வைக்க வல்லதாதலால், கிணற்றில் ஒரு சூல்மீன் தப்பியிருந்தாலே போதும், குடும்பம் மீண்டும் பெருகிவிடும்.

கிணற்றில் மீன் விடுவது தீவாருக்கு வெறும் விநோதமன்று. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். அது கரையோரச் சவர்நீரிலும் பெருகுகிறது என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2011ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினர். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்துச் சில மாதங்கள் செல்வதற்குள்ளாகவே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி என்ற அனோபிலிஸ் நுளம்பு மன்னார்ப் பகுதிக் கிணறுகளிற் காணப்பட்டது. பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது தென்பட்டது. இந்தச் செய்திகளைப் புங்குடுதீவின் ஒழுங்கைகளில் நடந்தபடி நினைத்துப் பார்க்க வேண்டும். உடையவர்கள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இருக்க, கூரை விழுந்து, முற்றத்தில் எருக்கும் நாயுருவியும் மண்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! அந்த ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உண்டு; துலாவும் கயிறும் போய்விட்ட போதிலும் தண்ணீர் போகவில்லை. இறைப்பாரற்ற அந்த நீரில் ஒரு கையளவு மீனை விட்டுவைப்பது, அயலில் வாழும் குழந்தைகளுக்குச் செய்யும் தர்மம் என்றே நான் கருதுகிறேன்.

எனினும் அதற்கு இரண்டு விதிகள் உண்டு. கிணற்றுக்குக் குளோரின் இடும் நாளில் மீனை முன்னதாக வாளியில் எடுத்து வைத்துவிட்டு, மணம் முற்றாக நீங்கிய பின்பே திரும்ப விட வேண்டும். சிறிதளவு குளோரினும் செவுளைச் சுட்டுவிடும். மற்றது, நான்குபுறமும் கட்டிய கிணற்றுக்கும் தொட்டிக்கும் உரிய இந்த அந்நிய மீனைக் குளத்திலும் கேணியிலும் மாரிகால வாய்க்காலிலும் விடலாகாது. 1952இல் உணவுக்கென இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம்மவர் “யப்பான்” என்றழைக்கும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். அது எந்த நீர்நிலையைத்தான் தன்னுடையதாக்காமல் விட்டது? தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தித் திரியும் சுதேச மீனினமொன்று நமது தாழ்நிலக் குளங்களில் உண்டு. நுளம்புக் குடம்பியைத் தின்பதில் அது கப்பிக்கு இளைத்ததன்று. அது கிடைக்கும் இடத்தில் அதையே கிணற்றுக்கும் கொண்டுவரலாம்.

இனிக் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தங்கமீனைக் குளத்திலும், பிற்காலத்தில் மட்கலத்திலும் வளர்த்தார்கள். ஆயினும் மேலிருந்து பார்த்தார்களேயன்றிப் பக்கவாட்டில் நின்று மீனின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பாக்கியத்தைப் பொதுமக்களுக்கு அளித்தது 1853இல் லண்டன் விலங்கியற் பூங்காவில் திறக்கப்பட்ட கண்ணாடி மீன்சாலை. நமது பக்கத்தில் சென்னைக் கடற்கரையில், அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான மீன்காட்சிச்சாலை 1909இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அது மறைந்து போயிற்று. இன்று அதே சென்னையின் கொளத்தூரில் தெருத்தெருவாக வண்ணமீன் கடைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் பைகளோடு திரும்பும் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பைகளில் போகும் மீன்களிற் பெரும்பாலானவை முதல் மாதத்துக்குள் இறக்கின்றன என்றால், அதற்கு நோயைவிட அவசரமே பெரிய காரணம். புதிதாகக் கழுவித் தண்ணீர் நிரப்பிய தொட்டி, பார்வைக்குப் பளிங்கு போலிருப்பினும், உயிரற்றது. அதில் விட்ட மீன் கழிக்கும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்ற வேண்டும், அதுவும் நஞ்சு. வேறொரு வகை அதை நைத்திரேற்றாக்க வேண்டும். அது பெரிதும் தீங்கற்றது, பாசியும் செடியும் உண்பது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஊழியர்கள் தொட்டியின் மணலிலும் வடியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஆகவே முதலில் இரண்டோ மூன்றோ சிறு மீன்களை மட்டும் விட்டு, குறைவாக ஆகாரமிட்டு, பொறுமையோடு காத்திருப்பவனே பிறகு நிறைந்த தொட்டியைக் காண்பான். பச்சை படர்ந்துவிட்டதென்று வடியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறவர், தமது வேலைக்காரர் அத்தனை பேரையும் ஒரே நாளிற் கொன்றுவிட்டு, மறுநாள் மீன் சாவதேன் என்று திகைக்கிறார். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீரெடுத்து அதில் அலசினாற் போதும்.

தீவில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. முன் சொன்ன அமோனியா, நடுநிலையான நீரில் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு கரைந்த காரநீரிலோ, அதிலும் 30 பாகை வெப்பத்திலோ, அதே அளவு அமோனியாவின் நஞ்சுப் பங்கு பத்து மடங்குக்கு மேலாகிவிடும். வெப்பம் ஏறும்போது நீர் ஏந்தும் பிராணவாயுவும் குறைகிறது: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராமளவு ஏந்தும் நன்னீர், 30 பாகையில் 7.5 மட்டுமே ஏந்தும். எனவே குளிர்ந்த தேசத்துப் புத்தகங்களில் எழுதியிருக்கும் அளவுக்கு நாமும் மீன்களை நெருக்கலாகாது. 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டி, விளிம்புவரை நிரப்பினாலும் 56 லீற்றர்தான் கொள்ளும். மணலும் கல்லும் போக மிஞ்சுவது அதனினும் குறைவு. அதில் ஒரு சாண் வளரக்கூடிய தங்கமீன் ஒன்றுக்குக்கூட இடமில்லை. குளிர்நீரை விரும்பி, நன்கு பேணினால் இருபதாண்டுக்கு மேலும் வாழக்கூடிய அந்தப் பிராணியை, வெயில் விழும் யன்னலோரத்தில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடைத்துப் பரிசளிக்கும் வழக்கம் நின்றுவிட வேண்டுமென்று நான் மனமாரப் பிரார்த்திக்கிறேன்.

நமது தண்ணீருக்கு இசைந்த மீன் எது, இசையாதது எது என்று பார்த்தால் ஓர் ஆச்சரியம் புலப்படும். கப்பியும் மோலியும் வாள்வாலும் பிளாற்றியும் அத்திலாந்திக்கின் அப்பாலிருந்து வந்தவையெனினும் நமது கடின நீரிற் கொழுக்கின்றன. உலகமெங்கும் மீன்வளர்ப்போர் போற்றும் இலங்கையின் சொந்த மீன்களோ நமது கிணற்று நீரில் வாடுகின்றன. பழுத்த சேலாப்பழம் போலச் சிவந்து, சிங்களத்தில் “லே தித்தயா” என வழங்கும் சிறுமீனுக்கு 1929இல் தெரணியகல என்ற விஞ்ஞானி பெயரிட்டார். கறுப்புப் பட்டைகொண்ட அதன் உறவினமும் களனி, களுகங்கைப் படுகைகளின் காட்டோடைகளுக்கு உரியது. இலை மக்கித் தேநீர் நிறமாயோடும், சுண்ணாம்பற்ற, நிழற்குளிர்ச்சியான அந்த நீரையும் புங்குடுதீவுக் கிணற்றையும் இலங்கை நீர் என்ற ஒரே பெயரால் அழைப்பது தகாது. ஏற்றுமதிக்காக அந்த ஓடைகளில் வலைபோட்டு அள்ளியதாலும் காடழிந்ததாலும் அவை அருகிப்போன வரலாற்றை ரொஹான் பெத்தியாகொட தமது 1991ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்துள்ளார். தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவது, ஓர் ஓடையைக் காப்பதற்கு நம்மாற் கூடிய எளிய வழி.

சொந்த மீன் வேண்டுமென்போருக்கு நமது களப்புகளே ஒன்றைத் தந்திருக்கின்றன. மஞ்சள் உடலில் செம்புள்ளிகள் வரிசையாயமைந்து, விலாவில் ஒரு கரும்பொட்டுத் தாங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் இம்மீனுக்குத் தமிழ்நாட்டுக் கரையிற் செல்லக்காசு என்றும் பெயருண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இக்குலத்தில் மூன்றே இனங்கள் உள்ளன; சவர்நீரிலும் நன்னீரிலும் ஒருங்கே வாழ வல்ல இது அவற்றிற் சிறியது. சின்னம்மா வீட்டுக் கிணற்றடியில், 4 அடி நீளமும் 3 அடி அகலமும் 2 அடி ஆழமுமான பழைய சீமெந்துத் தொட்டியில் என் ஒன்றுவிட்ட தம்பி ஒரு சோடியை வளர்த்தான். ஒருநாள் காலை அவை இரண்டும் கவிழ்த்து வைத்த பூச்சட்டி ஓடொன்றை வாயாற் கொத்திக் கொத்தித் துப்புரவாக்கக் கண்டோம்; மாலையில் அதன் உட்புறத்தில் ஏறத்தாழ 200 முட்டைகள், ஒவ்வொன்றும் நுண்ணிய காம்பில் ஒட்டி நின்றன. தாயும் தகப்பனும் மாறிமாறிச் செட்டையால் விசிறின. என் கை நிழல் விழுந்தாற் பாய்ந்து வந்தன. ஐந்தாம் நாளளவில் குஞ்சு பொரித்து, பின்னும் சில நாளில் தூசிமேகம்போல எழுந்து நீந்தியபோது நான் கண்ட காட்சியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து பெற்றோரின் விலாவில் முட்டி விலகின, முட்டி விலகின. பால்கொடுக்கும் பசுவைப் போல அவை அசையாது நின்றன. உடலிற் சுரக்கும் வழுவழுப்பையே பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றன இம்மீன்கள் என்பதை ஆராய்ச்சியாளர் எழுதி வைத்திருப்பதைப் பிற்காலத்தில் வாசித்தேன். முதலில் வாசித்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

“அண்ணை, கடல் மீனையும் இப்படி வளர்க்கலாமோ?” என்று அன்று தம்பி கேட்டான். துறையில் நின்று குனிந்து பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் எழும் கேள்விதான் அது. தெளிந்த நீரில், முதுகோடு வளைந்த கறுப்புக் கோடுகள் தாங்கிய கீளிக் குஞ்சுகள் தூணைச் சுற்றி விளையாடுவதைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். வளர்க்கலாம், ஆனால் கடல் தன் விசாலத்தாற் காத்துவரும் சமநிலையை நூறு லீற்றரில் நாம் காப்பது அரிது. நீர் ஆவியாக ஆக உப்பு ஏறும். மின்சாரம் நின்றால் பிராணவாயு நிற்கும். கடற்குதிரையோ சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு 2004 முதல் உட்பட்டது. நமது கடற்சாதாழைப் படுக்கைகளில் அது வாலைச் சுற்றிப் பிடித்து நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். பாக்குநீரிணைக்கு அக்கரையில் மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கஞ் செய்து காட்டியிருப்பது நம்பிக்கை தருகிறது.

படகு நெடுந்தீவை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. முருகைக்கல் வேலிகளுக்கிடையே ஆச்சியின் பெட்டியை நான் சுமந்து சென்றேன். கிணற்றடி மரநிழலில் பையை அவிழ்க்காமலே வாளிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டோம். உள்நீரும் வெளிநீரும் ஒரே சூட்டுக்கு வந்தன. பிறகுதான் முடிச்சை அவிழ்த்தோம். பேத்தி சிரட்டையாற் கிணற்று நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பைக்குள் வார்த்தாள்; நகரத்து நீரிலிருந்து தீவு நீருக்கு மீன் பழக வேண்டுமே.

“காணுமோ அம்மம்மா?”

“இன்னும் ரண்டு சிரட்டை விடு, பிள்ளை.”

கடைசியாக வலைத்துணியில் மீன்களை வடித்து, பையின் நீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, புதுநீர் நிறைந்த வாளிக்குள் அவற்றை விட்டுக் கயிற்றில் மெல்ல இறக்கினோம். வாளி நீர்மட்டத்தைத் தொட்டுச் சரிந்தது. ஆண்மீன்கள் முதலில் வெளியேறின. சூல்மீன் ஒன்று மட்டும் வாளியின் விளிம்பில் நின்று நின்று, பிறகு கிணற்றுச் சுவரின் பாசியை நோக்கிச் சென்றது. கட்டைப் பிடித்துக் குனிந்து நின்ற சிறுமி, அதன் வால் மறையும்வரை நிமிரவேயில்லை.